சின்ன மூலையில பெரிய குயில்ட்: மெஷினை மாத்தணுமா, இடத்தை மாத்தணுமா?

நீலநூல்:

வணக்கம். இங்க பல பேர் வருஷக்கணக்கா குயில்ட் (துண்டுத் துணிங்களைச் சேர்த்து, நடுவுல பஞ்சு வச்சுத் தைக்கிற போர்வை) பண்றீங்கன்னு பதிவுகளைப் பார்த்தாலே தெரியுது, அதான் கேட்டுடலாம்னு வந்தேன். எனக்குன்னு தனி தையல் ரூம் கிடையாது. படுக்கிற ரூம்ல ஜன்னல் ஓரமா ஒரு மூலை, அளந்தா 6 அடிக்கு 7 அடி வரும். அதுல ஒரு எழுதுற மேஜை, மேல மெஷின், அடியில துணிப் பெட்டிங்க, அவ்ளோதான். சாதாரண வீட்டு மெஷின் தான், ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவுல 6 இஞ்ச் சொச்சம் இடம் இருக்கு. துணி வெட்டுறது கட்டில் மேல பலகை போட்டு, அயர்ன் பண்றது ஹால்ல.

இப்ப மூணு குயில்ட் ஒண்ணா ஓடிட்டு இருக்கு. ஒண்ணு குழந்தைக்கு, 40க்கு 40 இஞ்ச், ரெண்டு முக்கோணம் சேர்ந்த சதுரமா வச்சுப் பண்றது, பாதி முடிஞ்சிருக்கு. ரெண்டாவது லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுத்திப் பட்டி பட்டியா சேர்க்கிற டிசைன்), 12 இஞ்ச் கட்டம் 20 ரெடி, இன்னும் ஒண்ணோட ஒண்ணு சேர்க்கல. மூணாவது தான் பாடாப் படுத்துது. பெரிய கட்டிலுக்கு 90க்கு 90 இஞ்ச் நைன் பேட்ச் (ஒன்பது சதுரம் சேர்ந்த கட்டம்), டாப், அதாவது மேல் துணி முடிச்சு, நடுவுல பஞ்சு விரிப்பு, அடியில பின் துணி வச்சு ஊக்கு குத்தி, வாக்கிங் புட் (துணியை மேலேர்ந்தும் நகர்த்துற மெஷின் பாதம்) போட்டு நேர்கோடா ஓட்ட ஆரம்பிச்சாச்சு. ஆனா மேஜையோட இடது பக்கம் மொத்தக் குயில்ட்டும் தரை வரைக்கும் தொங்குது, கையால தூக்கித் தூக்கி விட்டா தான் நகருது, தையல் ஒரு இடத்துல பொடிப்பொடியா வருது அடுத்த இடத்துல நீளமா வருது, ரெண்டு கோடு குறுக்க வெட்டுற இடத்துல பின் துணி மடிஞ்சு தைபட்டுடுது. அரை மணி நேரம் உக்காந்தா தோள்பட்டையைத் தூக்க முடியல.

இதுக்கு கழுத்து நீளமான பெரிய மெஷின் தான் வழியா, இல்ல இந்த மூலையையே வேற மாதிரி அமைச்சா சரியாகுமா? இன்னொண்ணு, குழந்தை குயில்ட்ல வரிசைக்கு 10 சதுரம், ஒவ்வொண்ணும் 4½ இஞ்ச்சுக்கு சீர் பண்ணி வெட்டித்தான் சேர்க்கிறேன், கணக்குப்படி வரிசை 40½ வரணும், 39½ கூட எட்ட மாட்டேங்குது. இது எங்கேர்ந்து வருது? மூணுல எதை முதல்ல முடிக்கிறதுன்னும் யாராவது சொல்லுங்க.

பூந்தையல்:

மெஷின் வாங்குற யோசனையை இப்போதைக்கு ஓரமா வைங்க. நீங்க சொன்னது அத்தனையும் பாரம் தொங்குறதால வர்றது தான். மெஷின்ல துணியை நகர்த்துற பல்லு ஒவ்வொரு தையலுக்கும் ரெண்டரை, மூணு மில்லிமீட்டர் தான் இழுக்கும். ஒரு பக்கம் முழு குயில்ட்டோட எடையும் தரையை நோக்கி இழுத்தா அந்த மூணு மில்லிமீட்டர் வராது, ஒண்ணரை தான் வரும், அதான் பொடித் தையல். உடனே நீங்க கையால தள்ளுவீங்க, அப்ப நாலு வந்துடும், அதான் நீளத் தையல். வாக்கிங் புட் மேல் துணியையும் கீழ் துணியையும் ஒரே வேகத்துல கொண்டு போகும், ஆனா எடையைத் தூக்கிப் பிடிக்கிறது அதோட வேலை இல்ல. பெரிய மெஷின் வாங்கினாலும் அதே மேஜையில வச்சா அதுவும் இப்படித்தான் தைக்கும்.

முதல்ல மேஜையை ரெண்டு சுவரும் சேர்ற மூலையில ஒட்டிப் போடுங்க, பின் பக்கம் ஒரு சுவர், இடது பக்கம் ஒரு சுவர். இதுலயே குயில்ட் பின்னாடி விழுறது நின்னுடும். இடது சுவர் ஒட்டுற மாதிரி இடம் அமையலைன்னா அயர்ன் பண்ற ஸ்டாண்டை மெஷின் மேஜை உயரத்துக்கு இறக்கி இடது கை பக்கம் ஒட்டிப் போட்டுக்கலாம், அதோட உயரத்தை ஏத்தி இறக்க முடியும்கிறது தான் இதுல பெரிய வசதி. குயில்ட் ஒரு இடத்துல கூட தொங்கக் கூடாது, எல்லாமே எங்கயாவது உக்காந்திருக்கணும்.

அடுத்தது மெஷின் மேடை. மேஜை மேல மெஷினை வச்சா ஊசி ஓடுற தட்டு மேஜையை விட 3, 4 இஞ்ச் உயரத்துல இருக்கும், துணி ஒவ்வொரு தடவையும் அந்தப் படியை ஏறி இறங்கணும். மெஷினை மேஜைக்குள்ள இறக்கிப் பதிக்க முடிஞ்சா நல்லது, முடியலைன்னா கெட்டியான ஃபோம் போர்டை அந்த உயரம் வர்ற வரைக்கும் அடுக்கி, மெஷினோட வடிவத்துக்கு நடுவுல வெட்டி எடுத்து, சுத்தி வச்சிடுங்க. மேல வழவழன்னு ஒரு ஷீட் ஒட்டிட்டா துணி தானா வழுக்கிப் போகும். பாபின் மாத்துற பக்கம் மட்டும் திறந்து மூடுற மாதிரி ஒரு துண்டைத் தனியா விடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு பாபினுக்கும் மொத்தத்தையும் கழட்ட வேண்டி வரும்.

தோள்பட்டை வலிக்கு நாற்காலி தான் காரணமா இருக்கும். மேடை உயர்ந்தா நாற்காலியும் உயரணும். கையை ஊசித் தட்டு மேல வச்சா முழங்கை 90 டிகிரியில மடங்கியிருக்கணும், தோள் மேல ஏறக் கூடாது. கால் தரையில எட்டலைன்னா பெடலையும் இன்னொரு காலையும் ஒரே உயரப் பலகையில வச்சுக்கோங்க.

ஓட்டும்போது குயில்ட்டைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டாதீங்க, சுருட்டினா விறைச்சுக்கிட்டு ஒரே கட்டையா நகரும். வலது பக்கம் 6 இஞ்ச்சுக்குள்ள போக வேண்டியதை மட்டும் லூசா மடிச்சு உள்ள தள்ளுங்க, மீதியை மடியிலயும் மேஜையிலயும் குவிச்சு விடுங்க. உங்க ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல இருக்கிற இடம் மட்டும் தட்டையா தளர்வா இருந்தா போதும். அந்த இடம் தைச்சு முடிஞ்சதும் நிறுத்தி, ஊசி கீழ இறங்கியிருக்கும்போதே, அடுத்த குவியலை எடுத்து விட்டுட்டு மறுபடி ஓட்டுங்க. இந்த நிறுத்தி நிறுத்தி ஓட்டுறது தான் பெரிய குயில்ட்டோட முழு வித்தையும்.

கோடு வரிசையும் முக்கியம். நடுவுல மேலேர்ந்து கீழ ஒரு கோடு, இடமிருந்து வலம் ஒரு கோடு, ரெண்டையும் துணி ஜாயின்ட் மேலேயே ஓட்டி குயில்ட்டை நாலா பிரிச்சுக்கோங்க. அப்புறம் நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போங்க. அடுத்தடுத்த கோட்டுக்கு நடுவுல துணி சாய்வா அலை அலையா தெரிஞ்சா எல்லாக் கோட்டையும் ஒரே முனையிலேர்ந்து ஆரம்பிங்க, திருப்பித் திருப்பி ஓட்டுறப்ப தான் அந்த அலை வரும். புட் அழுத்தத்தைக் குறைக்கிற திருகு உங்க மெஷின்ல இருந்தா ஒரு சுத்து குறைச்சு, தையல் நீளம் 3 வச்சு, இதே பஞ்சும் இதே துணியும் உள்ள மாதிரித் துண்டுல முதல்ல ஓட்டிப் பாருங்க.

கட்டத்துணி:

மேஜை விஷயத்துல பூந்தையல் சொன்னதுக்கு மேல நான் சேர்க்க எதுவும் இல்ல, வரிசை குறையிறதுக்கு மட்டும் சொல்றேன்.

10 சதுரத்துக்கு நடுவுல 9 ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ரெண்டு துணியோட ஓரம் உள்ள போகுது. தையலுக்கு விட வேண்டிய கால் இஞ்ச் ஓரத்தை விட அரை நூல், அதாவது 1/16 இஞ்ச், கூடுதலா உள்ள பிடிச்சா ஒரு ஜாயின்ட்டுக்கு 1/8 இஞ்ச் போச்சு, 9 ஜாயின்ட்டுக்கு 1 1/8 இஞ்ச் போச்சு. 40½லேர்ந்து அதைக் கழிங்க, 39 3/8. நீங்க சொன்ன அளவு அச்சா அதே தான். வெட்டுனதுல குறை இல்ல, தையல் கோடு அரை நூல் உள்ள தள்ளி ஓடுது.

கால் இஞ்ச் புட் வாங்கி மாட்டிட்டா தானா சரியா வந்துடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, வராது, ஏன்னா மடிப்புக்கே ஒண்ணு ரெண்டு இழை போகும். அதனால கால் இஞ்ச்சுக்கு ஒரு இழை குறைச்சே தைக்கணும். பார்க்கிற வழி சுலபம்: 1½ இஞ்ச் அகலத்துல மூணு பட்டி வெட்டி, பக்கம் பக்கமா தைச்சு, அயர்ன் பண்ணி நடுப் பட்டியை அளங்க. சரியா 1 இஞ்ச் இருக்கணும், மொத்த அகலம் 3½ இருக்கணும். நடுப் பட்டி குறைஞ்சா ஊசியை ஒரு புள்ளி வலது பக்கம் நகர்த்துங்க, ஊசி நகராத மெஷின்னா தட்டு மேல மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு அடுக்கு ஒட்டி ஒரு சுவர் மாதிரி எழுப்பி அதுல உரசி ஓட்டுங்க. சரியா வந்ததும் அந்த டேப்பை எடுக்காதீங்க.

முக்கோணத்துக்கு ஒரு வார்த்தை. முடிஞ்ச அளவு 4 வேணும்னா 4 7/8க்கு வெட்டணும்னு கணக்கு இருக்கு, நான் எப்பவும் 5க்கு வெட்டி, தைச்சு, அயர்ன் பண்ணி, 4½க்கு சீர் பண்ணுவேன். மூலைக்கு மூலை தைக்கிற கோடு துணியோட கிராஸ்ல (இழைக்குச் சாய்வா) ஓடுறதால அது இழுபடும், சீர் பண்ண இடம் இருந்தா தான் கைகொடுக்கும். சீர் பண்ணும்போது ஸ்கேல்ல இருக்கிற 45 டிகிரி கோடு தையல் மேல உக்காரணும், துணி ஓரத்தை நம்பாதீங்க. நிறைய வேணும்னா 9¾ சதுரம் ரெண்டு எடுத்து, மூலைக்கு மூலை ரெண்டு கோடும் போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச்ல தைச்சு, நடுவுல நெடுக்கவும் குறுக்கவும் வெட்டி, அப்புறம் கோட்டு மேல வெட்டினா ஒரே தடவையில 8 கிடைக்கும். அதுலயும் சதுரத்தோட நாலு ஓரமும் நேர் இழையில தான் வரும், மூலைக்கு மூலை ஓடுற தையல் மட்டும் தான் கிராஸ்ல இருக்கும்.

அயர்ன் பாக்ஸைத் தேய்க்காதீங்க, வச்சு எடுங்க. முதல்ல தையல் கோட்டு மேல அப்படியே மூடின நிலையில ஒரு தடவை அழுத்தி, அப்புறம் பிரிச்சு அடர்கலர் பக்கம் சாய்ங்க. ஒரு வரிசை முழுக்க இடது பக்கம் சாய்ச்சா அடுத்த வரிசையை வலது பக்கம் சாய்ங்க, ரெண்டு வரிசையையும் சேர்க்கும்போது ஜாயின்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கும், விரலாலேயே தெரியும், குண்டூசியே தேவைப்படாது.

இதுக்காகத் தான் சொல்றேன், அயர்ன் ஹால்ல இருக்கக் கூடாது. உக்காந்த இடத்துலேர்ந்து கையெட்டுற தூரத்துல ஒரு சின்னப் பலகை, அது மேல பழைய கம்பளி ரெண்டு மடிப்பு, மேல பருத்தித் துணி இழுத்துக் கட்டி வச்சுக்கோங்க. நடக்கணும்னா ஒவ்வொரு தையலுக்கும் அயர்ன் பண்ண மனசு வராது, நாலஞ்சு சேர்த்துப் பண்ணலாம்னு தோணும், அங்கேர்ந்து தான் அளவு கெடும்.

மஞ்சள்பட்டி:

கட்டத்துணி சொல்றதுல அயர்ன் விஷயம் மட்டும் எனக்கு ஒத்துவரல. கையெட்டுற தூரத்துல எல்லாத்தையும் வச்சா மூணு மணி நேரம் ஒரே உக்கார்ல போயிடும், இடுப்பும் கழுத்தும் பிடிச்சுக்கும். நான் அயர்னை எழுந்து நாலடி வைக்கிற தூரத்துல, நின்னு பண்ற உயரத்துல தான் வச்சிருக்கேன், துண்டுகளைச் சங்கிலியா நூல் அறுக்காம தொடர்ச்சியா தைச்சு மொத்தமா எடுத்துட்டுப் போவேன். ஹால் வரைக்கும் போறது நிச்சயமா அதிகம், அதை ஒத்துக்கிறேன்.

துணி வெட்டுறதைக் கட்டில் மேல பண்றதை நிறுத்துங்க ப்ளீஸ். மெத்தை அமுங்கும், பலகை ஆடும், ரோட்டரி கட்டர்ல (உருட்டி வெட்டுற வட்ட பிளேடு) அழுத்தம் கொடுக்கும்போது ஸ்கேல் நழுவினா விரல் போயிடும். குனிஞ்சு வெட்டுறது முதுகுக்கும் கெடுதல். உங்க முழங்கையை விட மூணு நாலு இஞ்ச் கீழ வர்ற உயரத்துல ஒரு மேடை வேணும், நிறைய பேருக்கு அது 34லேர்ந்து 36 இஞ்ச் வரும். டிராயர் அலமாரி ஒண்ணு அந்த உயரத்துல இருந்தா அது தலை மேலயே வெட்டலாம், உள்ள துணி, மேல துணி வெட்டுற மேட், தனி மேஜை வேண்டாம். மேட்டை வெயில் படுற ஜன்னல் ஓரம் சாய்ச்சு வைக்காதீங்க, அது மேல அயர்னும் பண்ணாதீங்க, சூட்டுல வளைஞ்சா திரும்ப நேராகிறது ரொம்பக் கஷ்டம். கட்டரை ஒவ்வொரு வெட்டுக்கும் அப்புறம் மூடியே கீழ வைங்க, இதுக்கு விதிவிலக்கே கிடையாது. 45 மில்லிமீட்டர் பிளேடு எல்லா வேலைக்கும் போதும், ஒரே இடத்துல இழை இழையா விட்டுட்டே வந்தா பிளேடுல பல் விழுந்திருக்கு, மாத்திடுங்க.

பின் துணி மடியிறதுக்கு எடை மட்டும் காரணமா இருக்காது, ஊக்கு குத்தினப்பவே பின் துணி தளர்வா இருந்திருக்கும். ஊக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு இருக்கணும், எங்க கையை வச்சாலும் ஒரு ஊக்காவது தட்டுப்படணும். அதுக்குத் தரையில இடம் இல்லைன்னு கவலைப்படாதீங்க, மேஜையில பண்ற வழி தரையை விட நல்லாவே வரும். பின் துணியையும் பஞ்சையும் டாப்பையும் நாலா மடிச்சு ஒவ்வொண்ணுக்கும் நடுப்புள்ளியில ஒரு குறி போட்டுக்கோங்க. மேஜையோட நடுவுல ஒரு பல் குத்துற குச்சியை டேப் போட்டு ஒட்டுங்க, மூணு அடுக்கு வந்த பிறகும் அந்த மேடு விரலுக்குத் தெரியும். பின் துணியைக் கவிழ்த்து அது மேல போட்டு, ஓரங்களை மேஜை விளிம்போட பெரிய கிளிப் போட்டுப் பிடிங்க. சுருக்கம் இல்லாம இருக்கணும், ஆனா இழுத்துக் கட்டக் கூடாது, இழுத்துட்டா கிளிப்பை எடுத்ததும் அது சுருங்கி டாப்புல அலை வந்துடும். பஞ்சு, டாப், ஊக்கு. மேஜை அளவு முடிஞ்சதும் கிளிப்பைக் கழட்டி நகர்த்தி அடுத்த பகுதி. தொங்குற பாரமே பின் துணியை மட்டமாப் பிடிச்சுக்கும்.

இப்ப தைச்ச இடத்துல மடிப்பு விழுந்தது ஒரு கை அகலத்துக்குள்ள இருந்தா அந்தக் கோட்டை மட்டும் பிரிச்சு, ரெண்டு பக்கமும் தள்ளி விட்டுத் திரும்ப ஓட்டினா போதும். நிறைய இடத்துல இருந்தா மீதி இருக்கிற ஊக்கை எல்லாம் எடுத்துட்டு மறுபடி குத்துறது தான் நல்லது.

நீலநூல்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் எனக்குச் சொன்னதே இல்ல. மூணு பட்டி சோதனை பண்ணிப் பார்த்தேன், நடுப் பட்டி 7/8 தான் வந்துது, கட்டத்துணி சொன்ன அரை நூல் கணக்கு அப்படியே. டேப் ஒட்டியாச்சு, இப்ப 1 இஞ்ச் வருது. மேஜையை மூலைக்குத் தள்ளி அயர்ன் ஸ்டாண்டை இடது பக்கம் போட்டு ஒரு கோடு ஓட்டினேன், தையல் ஒரே சீரா வந்தது, குயில்ட் அவ்ளோ லேசா நகரும்னு நான் நினைக்கவே இல்ல.

பெரிய மெஷின் யோசனையை விட்டாச்சு. எதை முதல்ல முடிக்கிறது, லாக் கேபினையாவது கொஞ்சம் சுலபமா பண்ண வழி இருக்கா? மூணு புராஜெக்டோட துணியும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்குது, அதுக்கும் ஏதாவது சொல்லுங்க.

வெள்ளூசி:

லாக் கேபின் கட்டங்களை இன்னும் சேர்க்கலைன்னு சொன்னீங்களே, அது நல்லதாப் போச்சு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா பஞ்சும் பின் துணியும் வச்சு, ஓரத்துல 1 இஞ்ச் விட்டுட்டு நடுவுல மட்டும் குயில்ட் பண்ணிடுங்க. 12 இஞ்ச் கட்டம் உங்க மெஷின்ல தாராளமா திரும்பும், எடைங்கிற பேச்சே இல்ல. அப்புறம் டாப் துணியை மட்டும் மெஷின்ல சேர்த்து, பஞ்சை ஒண்ணோட ஒண்ணு முட்டுற மாதிரி வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம வச்சு, பின் துணியை மடிச்சுக் கையால ஒட்டுத்தையல் போட்டு மூடலாம். பின் பக்கம் கட்டம் கட்டமா கோடு தெரியும், எனக்கு அது அழகாத்தான் தோணும். ஆனா கட்டங்களை எப்படி அடுக்குறதுன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. லாக் கேபின்ல பாதி வெளிர், பாதி அடர், கட்டத்தைத் திருப்பி வச்சாலே வைரமாவும் வரும் சாய்வுப் பட்டையாவும் வரும். சுவர்ல பஞ்சுத் துண்டு ஒண்ணை மாட்டுங்க, குண்டூசி இல்லாமலே பருத்தித் துணி அதுல ஒட்டி நிக்கும். அடுக்கிட்டு போன்ல கறுப்பு வெள்ளையில போட்டோ எடுத்துப் பாருங்க, அடர் வெளிர் எங்க இடிக்குதுன்னு கலர் இல்லாதப்ப தான் கண்ணுக்குத் தெரியும்.

முதல்ல குழந்தை குயில்ட்டை முடிங்க. கால் இஞ்ச் இப்ப சரியாயிடுச்சு, அது கைக்குப் பழகணும், அதுக்கு அந்த வரிசைகள் தான் சரி. ஏற்கெனவே குறைவா வந்த வரிசைகளைப் பிரிக்க வேண்டாம், எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. பாதிக்குப் பாதின்னா அந்த வரிசைகளைத் தனியா ஒரு பக்கமா சேர்த்து ரெண்டு ஓரத்துலயும் பட்டி வச்சு அகலத்தைச் சமன் பண்ணிடலாம், அது வேணும்னே போட்ட டிசைன் மாதிரியே உக்காரும். ஒண்ணு ரெண்டு தான்னா பிரிச்சுடுங்க. பெரிய குயில்ட்டை அவசரப்படாம, ஒரு நாளைக்கு ரெண்டு கோடு மூணு கோடுன்னு ஓட்டுங்க.

கலந்து கிடக்கிறதுக்கு, ஒரு புராஜெக்டுக்கு ஒரு மூடி போட்ட பெட்டி. அதுல வெட்டின துண்டுங்க, மீதித் துணி, அதே நூல், பாபின், பைண்டிங் துணி (ஓரத்தைச் சுத்தி மடக்கித் தைக்கிற பட்டிக்கு) எல்லாம் ஒண்ணா இருக்கணும். மேல ஒரு அட்டையில எந்த ஊசி, எந்தத் தையல் நீளம், எந்தப் பக்கம் அயர்ன், அடுத்து என்ன பண்ணணும்னு எழுதி வைங்க. ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தாலும் அந்த அட்டையைப் பார்த்துட்டு உடனே உக்காந்துடலாம். ஜன்னல் ஓரம்னு சொன்னதால இன்னொண்ணு, துணி அடுக்கு மேல நேர் வெயில் படக் கூடாது, மடிப்போட விளிம்பு மட்டும் வெளுத்துப் பட்டை பட்டையா ஆயிடும். முடிச்ச குயில்ட்டை மரத்துல நேரா படும்படி வைக்காதீங்க, பழைய பருத்தித் துணியில சுத்தி வைங்க, அப்பப்ப எடுத்து வேற இடத்துல மடிச்சு வைங்க, ஒரே மடிப்புல வருஷக்கணக்கா கிடந்தா அந்தக் கோட்டுல இழை நைஞ்சுடும்.

பெரிய குயில்ட் பைண்டிங்குக்கு இப்பவே துணி எடுத்து வச்சிடுங்க. நாலு பக்கமும் 360 இஞ்ச், திரும்புறதுக்கும் சேர்க்கிறதுக்கும் 10, மொத்தம் 370. துணி அகலம் பயன்படுறது 40 இஞ்ச்னு வச்சா 2½ இஞ்ச் பட்டி 10 வேணும், அதாவது 25 இஞ்ச் துணி. பட்டிகளைச் சாய்வா சேருங்க, நேரா சேர்த்தா அந்த இடத்துல மட்டும் தடிச்சுக்கும், பின்னாடி மடக்கும்போது புட் ஏறாது.

நீலநூல்:

குறைவா வந்தது நாலு வரிசை, அதனால தனியா சேர்த்துப் பட்டி வச்சிடுறேன். பைண்டிங்குக்கு அடர்நீலம் ஒண்ணு இருக்கு, சாயம் போகுமான்னு பயமா இருக்கு.

வெள்ளூசி:

ஒரு மூலையை வெந்நீர்ல நனைச்சு வெள்ளைத் துணி மேல வச்சு அயர்ன் பண்ணுங்க. வெள்ளையில நீலம் இறங்கினா தனியா அலசுங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். அதுக்கப்புறமும் இறங்கினா அந்தத் துணியை இந்தக் குயில்ட்டுக்கு வேண்டாம், வேற எடுங்க. டாப்புல வெள்ளை நிறைய இருக்குல்ல.